நேர்ச்சையும் நெடுவழி ஓட்டமும்

சென்ற மாதம் ஒரு தாயாரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரையும் பங்கையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்விதமே செய்கிறோம். ஆனால் அவர் எழுப்பியுள்ள கேள்வி பல குடும்பங்களுக்கும் உரியது. ஆதலின் அதற்குரிய விடையை இப்பகுதியிலேயே எழுதத் துணிந்தோம்.

அவருடைய கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அறுவைக் கூடத்தின் வாயிலில் நின்றுகொண்டிருந்த மகன் தன் உள்ளத்தில் ஒரு நேர்ச்சை செய்துகொண்டான். “ஆண்டவரே, அப்பா உயிரோடு வீடு திரும்பினால் உமக்கு நன்றியாக ஐம்பது கிலோமீட்டர் ஓடுவேன்” என்பது அந்த நேர்ச்சை. இறையருளால் தந்தையார் வீடு திரும்பினார். மகன் தன் சொல்லை மறக்கவில்லை. நீண்ட தூர ஓட்டப் போட்டி ஒன்றில் பெயரைப் பதிவு செய்துவிட்டான். போட்டிக்கு இன்னும் ஒன்பது வாரங்களே உள்ளன. அவனுக்கு அகவை இருபத்தாறு. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. இதுவரை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை; அதுவும் இரண்டே முறை.

“அவன் உடம்பு இதைத் தாங்குமா? தாங்காது என்று நான் தடுத்தால், கடவுளுக்குக் கொடுத்த வாக்கைத் தடுத்த பாவம் என்னைச் சேருமா? கணவரை எனக்குத் திருப்பித் தந்த ஆண்டவர், மகனை விலையாகக் கேட்பாரோ என்று இரவெல்லாம் அஞ்சுகிறேன்.” இவை அத்தாயாரின் சொற்கள்.

இறுதியில் கண்ட வரியைப் படித்தபோது நம் நெஞ்சம் கனத்தது. நம் ஆண்டவர் விலை பேசுபவரல்லர் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம். ஏனையவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

ஒரு புகைவண்டி ஓட்டுநரின் கனவு

மாரத்தான் என்னும் ஓட்டம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்டது. அதனினும் நீண்ட ஓட்டங்கள் எல்லாம் ‘அல்ட்ரா மாரத்தான்’ எனப்படுகின்றன. உலகில் இவ்வகை ஓட்டங்களுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்றும், மிகப் புகழ்பெற்றதும் தென்னாப்பிரிக்காவில் நடைபெறும் ‘காம்ரேட்ஸ்’ ஓட்டமாகும். டர்பன் துறைமுகத்திற்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு கொண்டது அது. இவ்விரு ஊர்களும் தமிழருக்குப் புதியன அல்ல. 1860-ம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கியது டர்பனில்தான். 1893-ம் ஆண்டு காந்தியடிகள் புகைவண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான்.

இந்த ஓட்டத்தைத் தோற்றுவித்தவர் விக் கிளாப்ஹாம் என்னும் புகைவண்டி ஓட்டுநர். முதல் உலகப் போரில் கிழக்காப்பிரிக்கக் காடுகளில் காலாட்படை வீரராகப் பணியாற்றிய அவர், 2,700 கிலோமீட்டர் தொலைவைக் கால்நடையாகக் கடந்தவர். அப்போரில் குண்டுக்கு இரையானவரினும் நோய்க்கு இரையானவரே மிகுதி. இறந்த தோழர்களுக்குக் கல்லால் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப அவர் விரும்பவில்லை. அவர்கள் பட்ட பாட்டை நினைவூட்டும் ஒரு பாடே அவர்களுக்கு நினைவுச் சின்னமாக அமைய வேண்டும் என்று விரும்பினார். முன்பின் பழக்கமற்ற எளிய மனிதர் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு அத்தனை தூரம் நடந்திருக்கும்போது, பழகிய ஓட்டக்காரர்கள் இரு நகரங்களுக்கு இடையே ஓட இயலாதா என்பது அவருடைய வாதம். முன்னாள் வீரர் சங்கத்தார் இதனைப் பைத்தியக்காரத்தனம் என்று எண்ணி மூன்று முறை மறுத்தனர். இறுதியில் செலவுக்கென ஒரே ஒரு பவுன் கொடுத்து இசைந்தனர். அதனையும் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு!

1921-ம் ஆண்டு மே 24-ம் நாள் முதல் ஓட்டம் நடந்தது. பெயர் கொடுத்தவர் 48 பேர். ஓடத் தொடங்கியவர் 34 பேர். எல்லையை அடைந்தவர் 16 பேர். முதலாவதாக வந்த பில் ரோவன் என்பவர் 8 மணி 59 நிமிடம் எடுத்துக்கொண்டார். எஞ்சிய பதினெட்டுப் பேரும் இடைவழியில் நின்றுவிட்டனர். அவர்களை யாரும் கோழைகள் என்று சொல்லவில்லை. அந்நாளில் அத்துணைத் தொலைவு ஓடுவதற்கு எவ்விதம் பழக வேண்டும் என்று அறிந்தவர்கள் மிகச் சிலரே.

ஒரே வீட்டிலிருந்து இருவர்

அடுத்த ஆண்டு, அதாவது 1922-ல், நடந்த ஒரு நிகழ்ச்சியை அத்தாயாரின் மகன் அறிந்திருந்தால் நம்மிடம் அதையே எடுத்துக்காட்டி வாதாடக்கூடும். ஆதலின் நாமே சொல்லிவிடுகிறோம்.

பில் பெய்ன் என்பவர் டர்பனில் பள்ளி ஆசிரியர். சிறந்த ரக்பி ஆட்டக்காரர். 1924-ல் தென்னாப்பிரிக்க அணிக்காகவும் ஆடினார். ஓட்டத்திற்கு முந்திய இரவில் அவர் வீட்டில் ஒரு நண்பர் தங்கியிருந்தார். மறுநாள் ஓடவிருந்த அந்நண்பர், “நீரும் வாரும்” என்று அழைத்தார். பெய்ன் இசைந்துவிட்டார். நெடுந்தூர ஓட்டத்திற்கென ஒரு நாளும் பழகியவரல்லர் அவர். ஓடுவதற்குரிய காலணியும் அவரிடம் இல்லை. ரக்பி ஆட்டத்துக்குரிய கனத்த காலணிகளை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஓரிடத்தில் அமர்ந்து முட்டையும் இறைச்சியுமாகக் காலை உணவு உண்டார். மற்றோரிடத்தில் கோழிக் கறி. அதன்பின் ஆரஞ்சுப் பழங்கள். ஒரு பெண்மணி கொடுத்த, வீட்டில் வடித்த பீச்சுப் பழச் சாராயமும் ஒரு வாய். இவ்வாறு உண்டும் உரையாடியும் சென்ற அம்மனிதர் எட்டாவதாக எல்லையை அடைந்தார்! மறுநாள் கால்கள் கொப்புளித்துக் கிடந்தமையால் கனத்த காலணியை அணிய இயலாமல், மெல்லிய துணிக் காலணியோடு ரக்பி ஆடச் சென்றார் என்பதும் வரலாறு.

அந்த நண்பர் யார்? ஆர்தர் நியூட்டன் என்னும் உழவர். அவருக்கு அப்போது 39 வயது. அரசாங்கத்தின் நில ஏற்பாடுகளால் தம் பண்ணை பாழாயிற்று என்பது அவர் மனக்குறை. உழவன் சொன்னால் கேளாத மக்கள், பெரிய ஓட்டத்தில் வென்றவன் சொன்னால் கேட்பார்கள் என்று எண்ணினார். 1922-ம் ஆண்டு சனவரி முதல் நாளில் பயிற்சியைத் தொடங்கினார். ஓட்டத்திற்கு ஐந்து மாதங்கூட முழுமையாக இல்லை. ஆனால் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். விரைவாக ஓடி உடலை வதைப்பதால் பயனில்லை; மெதுவாக, நெடுநேரம், நாள் தவறாமல் செல்வதே கால்களைப் பழக்கும் என்பது அது. அவ்வாறே செய்தார். 1922-ல் 8 மணி 40 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு ஏழு மணிக்கும் குறைவான நேரத்தில் வந்தார். மொத்தம் ஐந்து முறை வென்றார். அவர் நாடிய நீதி கிடைக்கவில்லை. 1925-ல் நேட்டாலை விட்டு ரொடீசியாவுக்குச் சென்றுவிட்டார். ஆனால் அவர் கண்ட பயிற்சி முறை உலகமெங்கும் நெடுந்தூர ஓட்டக்காரருக்கு வழிகாட்டியாயிற்று.

ஒரே வீட்டிலிருந்து, ஒரே விடியலில் புறப்பட்ட இருவர். ஒருவர் ஐந்து மாதம் பழகியவர். மற்றவர் ஒரு நாளும் பழகாதவர். இருவருமே எல்லையை அடைந்தனர். எனவே, “பழகாமல் ஓடுவது இயலாத காரியம்” என்று நாம் சொல்ல மாட்டோம், அது உண்மையன்று. அந்த இளைஞரும் ஒருவேளை எல்லையை அடையக்கூடும்.

ஆனால் இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பெய்ன் எவ்வாறு தப்பினார்? முதலாவது, அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவரல்லர். ஆண்டுக்கணக்காக மைதானத்தில் ஓடி, மோதி, விழுந்து உறுதிப்பட்ட உடல் அவருடையது. இரண்டாவது, இதுவே முக்கியமானது: அவர் எந்தக் கட்டும் இன்றிப் போனார். பசித்தால் உட்கார்ந்தார்; களைத்தால் நடந்தார். போதும் என்று தோன்றியிருந்தால் நின்றிருப்பார். நின்றால் அவருக்கு யாதொரு குற்றமும் இல்லை.

அறுவைக் கூடத்தின் வாயிலில் நேர்ச்சை செய்த மகனுக்கு அந்த உரிமை இல்லை. நின்றால் ஆண்டவருக்குத் துரோகம், தந்தைக்குத் துரோகம் என்று அவன் எண்ணுவான். கால் மடங்கினாலும் ஓடுவான்; கண் இருண்டாலும் ஓடுவான். பயிற்சிக் குறைவு மட்டுமே பேராபத்து அன்று. பயிற்சிக் குறைவோடு ‘நில்லேன்’ என்ற ஆணையும் சேரும்போதுதான் அது பேராபத்தாகிறது. அத்தாயாரின் அச்சம் பேதமை அன்று; உண்மையை உணர்ந்த அச்சமே.

உடல் சொல்லும் கணக்கு

உடலைப் பற்றி மருத்துவ நூல்கள் சொல்வதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சும் நெஞ்சும் பழகிவிடும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் அவ்வளவு விரைவில் உறுதிப்படா. அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். இதனால்தான் புதிதாக ஓடுபவர், “எனக்கு மூச்சு வாங்கவில்லையே” என்று தூரத்தை விரைந்து கூட்டிக்கொண்டே போய், ஒருநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார். ஒன்பது வாரத்தில் பத்தை ஐம்பதாக்க முயல்பவருக்கு, போட்டி நாள் வருமுன்னரே இத்துன்பம் நேரக்கூடும்.

உடல் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் மாவுச் சத்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கே போதுமானது. அதன்பின் உண்டு உண்டே செல்ல வேண்டும். ஓடிக்கொண்டே உண்பதற்கு வயிற்றையும் பழக்க வேண்டும். பழகாத வயிறு உண்டதை வெளியே தள்ளிவிடும்.

தண்ணீர் குறைந்தாலும் கேடு; மிகுந்தாலும் கேடு. பலர் அறியாதது இந்த இரண்டாவது. தாகமின்றியே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உள்ள உப்புச் சத்து நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை உண்டாகி உயிருக்கே ஊறு நேரலாம். 1981-ம் ஆண்டு காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஒரு பெண்மணிக்கு இவ்வாறு நேர்ந்தது. டிமதி நோக்ஸ் என்னும் தென்னாப்பிரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் இத்தகைய நிலைமைகளை ஆராய்ந்து 1985-ல் மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். தாகத்துக்குத் தக்கபடி குடிப்பதே நலம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

வெப்பம் மற்றொரு பகைவன். நமது நாட்டில் காலை எட்டு மணிக்கு மேல் வெயில் எவ்வாறு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடுபவர் பிதற்றத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, அது களைப்பு என்று எண்ணி விட்டுவிடலாகாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரால் உடலை நனைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். அளவுக்கு மீறி உழைத்த தசைகள் சிதைந்து இரத்தத்தில் கலக்கும்போது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அது சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்தின் அறிகுறி. வலி தெரியாமல் ஓடுவதற்காக மாத்திரைகளை விழுங்குவது அவ்வாபத்தை மிகுவிக்கும்.

இவற்றையெல்லாம் அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று கணக்குப் பார்க்க வேண்டாமா என்று நம் ஆண்டவரே கேட்டதை லூக்காஸ் நற்செய்தி பதினான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அன்று. ஆண்டவர் கற்பித்த விவேகம். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்தால் வானதூதர் தாங்குவர் என்று சொன்னவன் யார் என்பதையும், அவனுக்கு ஆண்டவர் இணங்கவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

நேர்ச்சை என்றால் என்ன?

இனி அத்தாயாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். தடுப்பது பாவமா?

நம் குடும்பங்களில் நேர்ச்சை செய்யாதார் எவருளர்? வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன், முடி எடுக்கிறேன், மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று துன்ப வேளையில் வாய்விட்டுச் சொல்கிறோம். இது நல்ல வழக்கமே. நன்றியுள்ள இதயத்தின் அடையாளம். ஆனால் நேர்ச்சை என்பது என்ன என்று திருச்சபை சொல்வதை நாம் கேட்பதில்லை. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1191-ம் சட்டம் இதனை விளக்குகிறது. நேர்ச்சை என்பது நன்கு சிந்தித்து, முழு மனச் சுதந்திரத்தோடு கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அவ்வாக்கின் பொருள், இயலக்கூடியதாகவும் மேலான நன்மையாகவும் இருக்க வேண்டும்.

இவ்வரையறையை அறுவைக் கூடத்தின் வாயிலில் நின்ற அந்த இரவின்மேல் வைத்துப் பாருங்கள். கலங்கிய உள்ளத்தில் எழுந்த சொல்லில் அன்பு நிறைந்திருந்தது. சிந்தனை எவ்வளவு இருந்தது என்பதைப் பங்குத் தந்தையோடு அமர்ந்து ஆராய வேண்டும். நேர்ச்சை மெய்யானதே என்று முடிவானாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. தனி நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் பங்குத் தந்தைக்கு உண்டு என்று 1196-ம் சட்டம் கூறுகிறது. நேர்ந்துகொண்டவர் தாமே அச்செயலை அதற்கு இணையான, அல்லது அதனினும் மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்று 1197-ம் சட்டம் கூறுகிறது. ஆண்டவர் கடன்காரர் அல்லர் என்பதைத் திருச்சபை எவ்வளவு தாய்மையோடு சொல்கிறது, பாருங்கள்!

பழைய ஏற்பாட்டில் ஜெப்தே என்பவன் சிந்தியாமல் செய்த நேர்ச்சை அவன் ஒரே மகளின் உயிரில் போய் முடிந்தது. நீதிபதிகள் ஆகமம் அதனை நமக்கு எச்சரிக்கையாகவே விட்டுச் சென்றிருக்கிறது. உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த விலைமதிப்பற்ற கொடைகள்; அவற்றை அறிவோடு பேண வேண்டும் என்று 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. உடலையே தெய்வமாக்கி வழிபடுவதையும் அதே நூல் கண்டிக்கிறது. உடலைப் பலி கொடுப்பதும் தவறு. உடலுக்கே பலியிடுவதும் தவறு.

எனவே, அம்மா, மகனோடு பேசுவது பாவம் அன்று. உங்கள் கடமையே அது.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி

அக்கடிதத்தை மறுமுறை படித்தபோது, முதலில் நாம் கவனியாமல் விட்ட வரி ஒன்று கண்ணில் பட்டது. “என் கணவரைத் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவர் தனியாகக் கோயில் மதிலைச் சுற்றி நடக்கிறார். இவனோ இருட்டோடு எழுந்து எதிர்த் திசையில் ஓடப் போய்விடுகிறான்.”

அந்த இளைஞருக்கு நாம் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. தம்பி, யாருக்காக ஓடுகிறீரோ அவர் ஒரு திசையில் தனியே நடக்கிறார். நீர் மறு திசையில் தனியே ஓடுகிறீர். இறைவன் உமக்குத் திருப்பித் தந்த தந்தை கோயில் மதிலோரம் இருக்கிறார். இந்த ஒன்பது வாரமும் விடியற்காலையில் அவரோடு நடந்து பாரும். முதல் வாரம் அது உமக்குச் சலிப்பாக இருக்கும். கால்கள் ஓடத் துடிக்கும். ஆனால் நியூட்டன் கண்ட உண்மையை நினைவுகூரும்: மெதுவாக, நாள் தவறாமல். தந்தையாரை வீட்டில் விட்டபின் நீர் தனியே ஓடும். வேண்டாம் என்று யார் சொன்னது? மூன்று நாளைக்கு ஒருமுறை ஓய்வு கொடும். ஒரு வாரத்தின் மொத்தத் தூரத்தை அடுத்த வாரத்தில் சிறிதளவே கூட்டும். மருத்துவரிடம் நெஞ்சைச் சோதித்துக்கொள்ளும். தந்தைக்கு இதய நோய் இருந்த வீட்டில் இது மிகவும் தேவை.

அதன்பின் பங்குத் தந்தையிடம் செல்லும். ‘ஐம்பது கிலோமீட்டர்’ என்ற வாக்கை, ‘ஐம்பது நாள் தந்தையோடு நடப்பேன், ஐம்பது கிலோமீட்டரை அடுத்த ஆண்டு ஒழுங்காகப் பழகி ஓடுவேன்’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேளும். இது குறைந்த காணிக்கையா? ஒரு நாளின் வீரத்தைவிட ஐம்பது நாளின் பொறுமை கடினமானது என்று அந்த ஐம்பது நாளும் உமக்கே சொல்லும். புனித சின்னப்பர் தம் வாழ்வை ஓட்டத்துக்கு ஒப்பிட்டபோது, பந்தயத்தில் ஓடுவோர் அனைவரும் பயிற்சிக் காலமெல்லாம் தம்மை அடக்கி ஒடுக்குவதையே கொரிந்தியருக்குச் சுட்டிக்காட்டினார். ஓடும் நாளை மட்டுமன்று, ஓடாத நாட்களையும் எண்ணியே அவர் பேசினார்.

இவ்வாண்டே ஓடத்தான் வேண்டும் என்று நீர் முடிவு செய்தால், அம்முடிவை நாம் பறிக்க முடியாது. நீர் வயது வந்தவர். அப்படியாயின் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளும். தொடக்கத்திலிருந்தே நடையும் ஓட்டமும் மாறி மாறிச் செல்லும். களைத்தபின் நடப்பது வேறு, களைக்காதிருக்க நடப்பது வேறு. மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்னும் விறுவிறுப்பான நடையிலேயே ஐம்பது கிலோமீட்டரை எட்டு மணி இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். போட்டியின் கால வரம்பு என்ன என்று முன்னதாகவே கேட்டறியும். புதுக் காலணி, புது உணவு, வலி மாத்திரை மூன்றும் அன்று வேண்டாம். நான்காவதே முதன்மையானது: “எல்லையை அடைவேன்” என்று நேர்ந்துகொள்ளாதீர். “நன்றியோடு புறப்படுவேன், உடல் போதும் என்று சொல்லும் இடத்தில் நன்றியோடு நிற்பேன்” என்று சொல்லிப் புறப்படும்.

காம்ரேட்ஸ் ஓட்டத்தின் இறுதியில் ஒரு வழக்கம் உண்டு. இன்று அங்கே பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் முடிந்த அக்கணத்தில் துப்பாக்கி வெடிக்கும், எல்லைக்கோடு அடைக்கப்படும். ஒரு விநாடி தாமதித்து வந்தவருக்கும் பதக்கம் இல்லை. துப்பாக்கியை வெடிப்பவர், ஓடி வருவோருக்கு முதுகைக் காட்டி நின்றே வெடிக்கிறார். வருந்தி வருவோர் முகத்தைப் பார்த்தால் எவருக்கும் கை எழாது அல்லவா? போட்டி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் ஆண்டவர் அப்படி முதுகைக் காட்டி நிற்பவரல்லர். தொலைவில் வரும்போதே கண்டு, எதிரே ஓடி வந்து கட்டித் தழுவும் தந்தையை அல்லவா அவர் நமக்குக் காட்டினார்? அந்த உவமையில் ஓடியவர் மகன் அல்லர், தந்தையே.

அம்மா, இறுதியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வாண்டோ அடுத்த ஆண்டோ, உங்கள் மகன் ஓடும் நாளில் நீங்களும் உங்கள் கணவரும் எல்லைக்கோட்டில் மாலையோடு காத்திருக்க வேண்டாம். முப்பதாவது கிலோமீட்டரில், ஒரு மர நிழலில், சிறிது உப்பிட்ட மோரோடும் வாழைப்பழத்தோடும் நில்லுங்கள். அவர் முகம் தெளிந்திருந்தால் தட்டிக்கொடுத்து அனுப்புங்கள். முகம் வாடி, பேச்சுத் தடுமாறினால், “போதும் மகனே, வா, வீட்டுக்குப் போவோம்” என்று அவர் தந்தையார் சொல்லட்டும். அச்சொல்லைச் சொல்வதற்காகவே அவர் அறுவைக் கூடத்திலிருந்து திரும்பி வந்திருக்கலாம்.